சிவப்புப் பொட்டு வைத்த பாலாடை

ஜூலை 4, வெள்ளி

மெஷரிங் சிலிண்டர் உடைந்துவிட்டது. பாப்பா தனுவின் பால் பாட்டிலுக்கு வைத்த வெந்நீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று சிலிண்டரில் ஊற்றினேன். டக் என்று ஒரு சத்தம். அடியிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரே கீறல். கொதிக்கிற தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றாதே என்பது கெமிஸ்ட்ரி லேபில் முதல் நாள் பாடம். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

லோகு சிரிக்கவில்லை. சமையல் மேடையில் இரண்டு கையையும் ஊன்றி நின்று அந்தக் கீறலையே பார்த்தார்.

"வினு, இனி நான் எதுல அளக்கறது?"

போன மாசம் தனு கட்டிலிலிருந்து விழுந்தபோது "ஒண்ணும் ஆகலல்ல?" என்று போனைப் பார்த்தபடி கேட்டவர். இந்த முகம் அப்போது வரவில்லை. இப்படி எழுதக்கூடாது. சிகரெட்டை விட்ட மனுஷன். மாமனார் தொண்டைப் புற்றுநோயில் போனபோதுகூட மயானத்துக்கு வெளியே நின்று பற்றவைத்தவர், நான் ஐந்து மாசமாக இருந்தபோது என் வயிற்றில் கை வைத்து, "விட்டுட்டேன்" என்றார். விட்டும்விட்டார். இப்போது வேப்தான். பேனா மாதிரி ஒரு மின்கருவி, புகைக்குப் பதில் ஆவியை இழுப்பது. அதில் ஊற்றுகிற தண்ணியை வீட்டிலேயே கலந்துகொள்கிறார். கிளிசரின் கெமிக்கல் கடையில் கிடைக்கும். மாம்பழ எசென்ஸ் பேக்கரிச் சாமான் கடையில். நிகோடின் மட்டும் பெங்களூரிலிருக்கிற சிநேகிதன் அனுப்புகிறான், ஷாம்பு பாட்டிலுக்குள். நம் ஊரில் தடை செய்த பொருள். அதனால் யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

கலப்பது அவர். கழுவுவது நான்.

ஜூலை 6, ஞாயிறு

சிரிஞ்சுகளை இன்றைக்கு முழுசாகச் சுத்தம் செய்தேன். அவருக்கு விட்டால் குழாயில் ஒரு தரம் காட்டிவிட்டு உதறுவார். கிளிசரின் தேன் மாதிரி, ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. உள்தண்டை வெளியே உருவி, இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நாரால் தேய்த்தால் கோடுகள் அழிந்துபோகும். அப்படியும் அழிந்துகொண்டுதான் வருகிறது. பத்து மில்லி சிரிஞ்சில் ஆறுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஊசியைச் சூடுகாட்டி ஒவ்வொரு கோடாகக் கீறிக் கொடுத்தேன். ரப்பர் இறுகாமலிருக்க ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.

"லேப்ல வாங்கினது மாதிரியே இருக்குது" என்றார்.

உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடு. தனு பிறந்து பதினாலு மாசத்தில் என் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இதுதான்.

ஜூலை 9, புதன்

சண்டை.

தனுவின் வெள்ளிப் பாலாடையில் கிளிசரின் அளந்திருக்கிறார். பேர் வைக்கிற சீருக்கு அம்மா கொண்டுவந்த பாலாடை. மூக்கு நீளமாக, கிளி அலகு மாதிரி இருக்கும். பாப்பா வாயில் ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கும். சின்ன பாட்டில் கழுத்துக்குள்ளும் சிந்தாமல் இறங்குகிறதாம்.

"புனல் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், இது ஒண்ணே போதும் வினு. கழுத்து வரைக்கும் பத்து மில்லின்னு நீதான சொன்னே?"

நான்தான் சொன்னேன். தனு பால் குடிக்க ஆரம்பித்த புதிதில், எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிய வேண்டுமென்று சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்து வைத்தேன். அளக்காத பாத்திரம் இந்த வீட்டில் எதுவும் கிடையாது. அதை இவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று யார் கண்டது? கல்யாண நாள் ஞாபகமில்லை, இது இருக்கிறது.

"குழந்தை வாய்ல வைக்கிறதுங்க அது!"

"கிளிசரின்தான. கேக்குல போடறாங்க. இருமல் மருந்துல போடறாங்க."

"இன்னிக்கு கிளிசரின். நாளைக்கு?"

"என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?" என்று எழுந்து போய்விட்டார். பாலாடையைக் கொதிக்கவைத்தேன். துடைத்தேன். மறுபடியும் கொதிக்கவைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் பாலாடை வாங்கினேன். அது அவருக்கு. வெள்ளி தனுவுக்கு. அவருடையதன் பிடியில் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். அவருடைய சிரிஞ்சுகளுக்கும் அதே புள்ளி. சிவப்பு என்றால் குழந்தை பக்கம் வரக்கூடாது. லேபில் ஆசிட் பாட்டிலுக்கு ஒட்டுவது மாதிரி.

"நீ ஒரு ஜீனியஸ்" என்று தலையில் தட்டினார்.

லேபில் என்றால் புள்ளி வைத்துவிட்டு விடமாட்டோம், பேர் எழுதி ஒட்டுவோம். இதற்கு என்னவென்று எழுதுவது? எங்கள் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதாதா.

ஜூலை 18, வெள்ளி

கல்லூரியிலிருந்து அழைப்பு. திங்கள்கிழமையிலிருந்து லேப் இன்ஸ்ட்ரக்டர், பகல் மட்டும். போனை வைத்ததும் தனுவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். அவளுக்கு ஒன்றும் புரியாமல் கெக்கே என்று சிரித்தாள்.

பார்த்துக்கொள்ள மயிலாத்தாக்காவைப் பேசியிருக்கிறது. மூன்றாவது மாடியில் ஒரு இரட்டைக் குழந்தையைக் குளிப்பாட்டி விடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். கை பூரா நரம்பு, ஆனால் அந்தக் கையில் போனால் எந்தக் குழந்தையும் அழுவதில்லை. ஒரே ஒரு குறை. புகையிலை போடுவார். இடுப்பில் சுருக்குப் பை.

"பல்லு வலிக்குதுன்னு போட ஆரமிச்சதுங் கண்ணு. இப்ப பல்லே இல்ல, பழக்கம் மட்டும் இருக்குது" என்று சிரித்தார். "பாப்பாவைத் தொடறதுக்கு முன்ன வாய் கொப்பளிச்சு, கை கழுவிருவனுங். நீங்க கவலையே படாதீங்."

லோகு முகத்தைச் சுளித்தார். "புகையிலை போடறவங்களா? குழந்தைகிட்ட அந்த வாடை போகுமே" என்றார். சொல்லும்போது அவர் சட்டைப் பையில் அந்தப் பேனா துருத்திக்கொண்டிருந்தது. நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு நாள் ஆயிற்று. தனு அழவில்லை என்கிறார் மயிலாத்தாக்கா. நான்தான் பஸ்ஸில் அழுதேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மருந்து மஞ்சளாக, மாம்பழ வாசனையோடு இருக்கும். காலையில் கிளம்பும் முன் நானே சிரிஞ்சால் அளந்து வெள்ளிப் பாலாடையில் விட்டு, ஒரு மூடியால் மூடி, தண்ணி ஃபில்டர் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். பதினோரு மணிக்கு அதை ஊட்ட வேண்டும். "எனக்கே காட்டிக் குடுங் கண்ணு, எந்தக் கோடுன்னு. நானே ஊத்திக்கறேன்" என்றார். வேண்டாமென்றேன். கோடு மாறிப்போனால்?

தனு துப்புகிறாளாம். மாம்பழ வாசனை என்று பேருக்குத்தான், வாயில் வைத்தால் கசப்பு.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா போன். வெள்ளி விக்கிற விலைக்கு அதைச் சமையல்கட்டில் போட்டு வைத்திருக்கிறாயா, வெளியாள் புழங்குகிற வீடு என்றாள். "அவங்க அப்படியில்லம்மா" என்றேன். "யாரு நெத்தியிலடி எழுதி ஒட்டியிருக்குது?" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெள்ளிப் பாலாடையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனி மருந்துக்கு ஒரு சின்னக் கிண்ணம். மயிலாத்தாக்கா கேட்டால் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 28, திங்கள்

கேட்டார். சொன்னேன். "கிண்ணத்துல சிந்துதுங் கண்ணு, பாலாடைன்னா பாப்பா கமுக்கமா வாங்கிக்கும்" என்றார். பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த வாரம் ஒரு பெரிய பாட்டில் கலந்தார். கலந்து முடித்து, எவர்சில்வர் பாலாடையைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போய்விட்டார். கிளிசரின் ஈரத்தையும் தூசியையும் சேர்த்து இழுக்கும், ஒரு மூடி போட்டால் என்ன கேடு என்று கத்தினேன்.

"சரி டீச்சர், இனி மூடி வைக்கறேன்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரி. தூங்குகிறாள். கையில் ஊசி, நெஞ்சில் ஒயர். பெட்டியில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. அது ஓடட்டும். அது மட்டும் ஓடட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆபத்து தாண்டிவிட்டது என்கிறார்கள். இன்று இட்லி கேட்டாள். கேட்டாள் என்றால், என் தட்டைக் காட்டி "ம்" என்றாள். இப்போது எழுத முடியும்.

அன்றைக்கு லேபில், பியூரெட் என்கிற அளவுக் குழாயைக் கழுவுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஊற்றப் போகிற கரைசலிலேயே ஒரு தரம் அலசிக் கொட்ட வேண்டும், பழசு ஒரு சொட்டு இருந்தாலும் கணக்கு தப்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கண்ணு, ஓடியாங். பாப்பா வாந்தி வாந்தியா எடுக்குது. எச்சி நிக்காம ஒழுகுது. மொகம் வெளுத்து சுண்ணாம்பாட்டம் ஆயிருச்சுங்."

ஆட்டோவில் வந்தேன். தனு அவர் தோளில் துவண்டு கிடந்தாள். வேர்வையில் தலைமுடி ஒட்டியிருந்தது. விரல்கள் துடித்தன. வாந்தி வாடைக்கு நடுவில் மாம்பழம். மருந்தின் மாம்பழமில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அதைத்தானே கழுவுகிறேன்.

"என்னக்கா ஊட்டினீங்க?"

"நீங்க மூடி வெச்சிருந்த மருந்தைத்தானுங். இன்னிக்குப் பாலாடையில வெச்சிருந்தீங்க. பொட்டு வெச்ச பாலாடைங்களே, பாப்பாவுக்குன்னு புதுசா வாங்கிப் பொட்டு வெச்சிருக்கீங்கன்னு எடுத்தேன். மொத வாய் சப்புக்கொட்டிக் குடிச்சுது கண்ணு, நானே அதிசயப்பட்டேன். ரெண்டாவது வாய்க்குக் காறித் துப்பிருச்சு."

புதுப் பாத்திரத்துக்குக் குங்குமப் பொட்டு வைப்பார்கள். எல்லா வீட்டிலும் வைப்பார்கள். என் வீட்டிலும், என் அம்மா வீட்டிலும். எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இப்போது கேட்டு என்ன.

காலையில் லோகு அவசரமாக, நிகோடினையும் சேர்த்துப் பாலாடையிலேயே கலந்திருக்கிறார். கம்பெனியிலிருந்து போன் வர, பாதியில் மூடி வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். மூடி வைத்தார். ஃபில்டர் பக்கத்தில். அத்தனையும் அவர் செய்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் காதில் சொன்னேன். என் முழங்கையைப் பிடித்தார்.

"சொல்லாத வினு. போலீஸ் கேஸாயிரும். அது வெச்சிருந்தாலே உள்ள போடுவான். என் வேலை போச்சு. கொசு மருந்துன்னு சொல்லு. எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான."

"அதுக்கு வைத்தியம் வேறங்க. தப்பாச் சொன்னா தப்பாப் பார்ப்பாங்க."

"அப்ப என்ன சொல்றது?"

டாக்டர் சின்ன வயதுப் பெண். தனுவின் கண்ணில் டார்ச் அடித்தபடி கேட்டார். "வீட்டுல எதையாவது குடிச்சிருக்காளா? ஃபினாயில், மாத்திரை, கொசு மருந்து, எதுவாயிருந்தாலும் சொல்லுங்கம்மா. தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்."

"புகையிலை" என்றேன்.

வாயிலிருந்து அதுதான் வந்தது. யோசித்து வரவில்லை.

"புகையிலையா? வீட்டுல யாரு போடறாங்க?"

நான் யாரையும் கை காட்டவில்லை. வாசல் பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். மயிலாத்தாக்கா கதவோரம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சுருக்குப் பை. நர்ஸ் பார்த்தாள், டாக்டர் பார்த்தார், லோகு பார்த்தார். எல்லோர் கண்ணும் அந்தப் பையில் போய் நின்றது.

"நிகோடின்" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி, டிரிப், ஒயர். வாந்தி எடுத்ததுதான் காப்பாற்றியது என்றார். போகும்போது என் தோளைத் தட்டினார். "எதுன்னு டக்குனு சொன்னீங்க பாருங்க, அதுதாங்க பெரிய உதவி. நிறைய அம்மாக்களுக்கு அந்த நேரத்துல வாயே வராது."

நான் சொன்னது பொய்யில்லை. பாட்டிலில் இருப்பதும் இலையில் இருப்பதும் ஒரே பொருள். கெமிஸ்ட்ரி தெரிந்த யாரும் மறுக்க முடியாது.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டுக்கு வந்தோம்.

மயிலாத்தாக்கா கீழே கேட்டருகே உட்கார்ந்திருந்தார். எழுந்து தனுவைப் பார்த்தார், கை நீட்டவில்லை. நீட்டப் போய் இழுத்துக்கொண்டார்.

"வாய் கொப்பளிச்சேனுங் கண்ணு. கையும் கழுவினேன். சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்னு நெனைக்கறேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த மருந்துல ஒண்ணும் கெடுதல் இல்லீங்களே? காலாவதியாகி, கீது?"

"மருந்து சரியாத்தான்க்கா இருந்துச்சு" என்றேன்.

மருந்து சரியாகத்தான் இருந்தது. பாட்டிலில், அளவு குறையாமல், அப்படியே.

"அப்ப கையிலதான் ஒட்டியிருந்திருக்குது" என்று அவரே சொன்னார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லோகு தொண்டையைச் செருமி, "இனிமே வர வேண்டாங்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"சேச்சே. நான் பண்ணுன வேலைக்கு நீங்க அடிச்சிருந்தாலும் தகும் சாமி."

படியேறும்போது லோகு என் முதுகில் கை வைத்தார். தட்டிவிட்டேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

எதிர் வீட்டுக் காஞ்சனா விசாரிக்க வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்திருந்தாள்.

"அந்தம்மா புகையிலைக் கையோட ஊட்டிருச்சாமே? நிஜமாவா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாங்க" என்றேன்.

சாயங்காலத்துக்குள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். பேர் போடவில்லை. "குழந்தைகள் உள்ள வீட்டார் கவனத்திற்கு, வேலைக்கு வருபவர்களின் பழக்க வழக்கங்களை விசாரித்து வைக்கவும்." கீழே இருபது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். லோகுவும் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

"நீங்க எதுக்குங்க போட்டீங்க?"

"போடாம இருந்தா வித்தியாசமாத் தெரியும்ல?"

ஆகஸ்ட் 21, வியாழன்

மூன்றாவது மாடி இரட்டைக் குழந்தை வீட்டிலும் மயிலாத்தாக்காவை நிறுத்திவிட்டார்கள்.

கல்லூரிக்கு லீவு நீட்டிக் கேட்டேன். முடியாது என்றார்கள். அம்மா வந்து இருக்கிறேன் என்கிறாள். "நான் அப்பவே சொன்னன்ல, வெளியாளை நம்பாதேன்னு" என்றாள் போனில். வெள்ளியைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

குளியலறையில் மாம்பழ வாசனை.

தனு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டுகிறேன் என்று அவள் காலைத் தொட்டுச் சொன்னவர். கதவைத் தட்டினேன். புகை கலையும்வரை திறக்கவில்லை.

"கொட்டறேன்னீங்களே."

"கொட்டினேன். பாதி." முகத்தைத் துடைத்தார். "என்ன பண்ணச் சொல்றே வினு? தலை வெடிக்குது. கை நடுங்குது. மெஷின்கிட்ட நிக்கறவன், கை நடுங்கினா விரல் போயிரும். சிகரெட்டுக்கே போயிடட்டுமா? எங்கப்பன் மாதிரி தொண்டையில ஓட்டை போட்டுட்டு உக்காந்துக்கட்டுமா? சொல்லு, போறேன்."

"அந்தக்காவும் ஒரு பழக்கத்துக்குத்தான் போட்டாங்க."

"அது வேற."

"எப்படி வேற?"

"கத்தாத. குழந்தை தூங்குது."

இப்போது எல்லாம் பரணில், பூட்டிய பெட்டிக்குள். சாவி அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. பத்து மில்லி சிரிஞ்சு கழுவாமல் கிடந்து தண்டு இறுகிவிட்டது என்று எடுத்துவந்தார். உடைத்துப் போடுங்கள் என்றேன். சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைகுறையாக விட்டால் இன்னும் ஆபத்து. வெந்நீரில் ஊறவைத்து எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

லேபில் ஒரு பெண் பீக்கரில் எதையோ ஊற்றிப் பேர் எழுதாமல் வைத்திருந்தாள். எல்லார் முன்னாலும் கத்தினேன். "இது தண்ணியா ஆசிட்டா? பக்கத்துல வர்றவளுக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரிஞ்சா போதுமா?" அவள் அழுதேவிட்டாள். "தண்ணிதான் மேம்" என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மா பாத்திரம் ஒழிக்கும்போது கேட்டாள். "ஏண்டி, ஆடிக்கு வந்தப்ப ஒரு எவர்சில்வர் பாலாடை இருந்துதே, எங்க?"

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, மயிலாத்தாக்கா தனுவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓட, நான் பையெடுக்க உள்ளே போனேன். பாலாடை தொட்டியில் கிடந்தது. அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் மிச்சம். வழக்கம்போல வெந்நீரை விட்டு, மூக்குக்குள் விரலால் துழாவி, இரண்டு தரம் அலசிக் கவிழ்த்துவிட்டுத்தான் ஓடினேன். அழுக்குப் பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பி எனக்குப் பழக்கமில்லை. அது வெறும் பழக்கம்தான். மறுநாள் துணி எடுக்க வந்தபோது அதைக் குப்பையில் போட்டேன்.

பக்கத்தில் மருந்துக் கிண்ணமும் கவிழ்ந்து கிடந்தது. காய்ந்திருந்தது. அன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மருந்து ஊற்றி வைத்தேனா? வைத்திருப்பேன். தினமும் வைக்கிறவள்தானே.

"தொலைஞ்சு போச்சும்மா" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மயிலாத்தாக்கா வந்தார்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். லோகு ஹாலில் இருந்தார். கதவைத் திறந்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இடுப்பில் சுருக்குப் பை இல்லை.

"உள்ள வல்லீங் கண்ணு. இங்கயே நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

தனு அவர் குரலைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நடக்கமாட்டாள். இப்போது நடக்கிறாள். அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார், போலீஸைக் கண்டவர் மாதிரி.

"தூக்குங்கக்கா."

"கழுவிட்டு வந்தனுங். இருந்தாலும்." முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, துணியோடு தூக்கினார். தனு அவர் வீங்கின கன்னத்தைத் தட்டினாள். வலித்திருக்கும். சிரித்தார்.

"விட்டுட்டனுங் கண்ணு. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வெளிய சாக்கடையில போட்டதுதான், அதுக்கப்பறம் தொடல. மொத ஒரு வாரம் பைத்தியம் புடிச்சாப்ல இருந்துது. பல்லு வலி உசுரு போகுது, போகட்டும். பாப்பா உசுரு போகப் பாத்துதே, அதுக்கு இது என்ன." குரல் தணிந்தது. "இந்தத் தெருவுல ஆரும் கூப்பிடறதில்ல. அவிங்கள குத்தம் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் கேக்கறன் கண்ணு, நீங்க படிச்சவிங்க. என் கையிலதானுங்களா இருந்துது? ராவெல்லாம் அதே நெனப்பா இருக்குது. சோப்புப் போட்டனா, போடலியான்னு."

ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. லோகு ரிமோட்டைப் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. உங்க கையில இல்லக்கா.

சொன்னால் காஞ்சனாவுக்குத் தெரியும், குரூப்புக்குத் தெரியும், இரட்டைக் குழந்தைக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தால் போலீஸுக்குத் தெரிய எவ்வளவு நேரம். தனுவுக்கு அப்பா வேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும்.

"விடுங்கக்கா" என்றேன். "நடந்தது நடந்துபோச்சு. பாப்பாதான் நல்லாயிட்டாளே. அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பதில் கிடைத்துவிட்டது அவருக்கு. தனுவைக் கீழே இறக்கிவிட்டார். முந்தானை முடிச்சிலிருந்து பிளாஸ்டிக் கவர் சுற்றிய ஒரு பொருளை எடுத்து, கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்தார்.

"பழைய பாலாடை ராசியில்லாமப் போச்சு. அதுல இனி ஊட்டாதீங். இது புதுசு. கடைக்காரன்கிட்டயே தொடச்சுக் கவருல போட்டு வாங்கிட்டன், நான் கை வெக்கல. கவருக்கு மேலாலயே பொட்டு வெக்க முடியாதுங்களே, அதுக்கு மட்டும் ஒரு வெரலு பட்டுருக்குது. கழுவிக்குங்."

போய்விட்டார். தனு படிக்கட்டைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

கவரைப் பிரித்தேன். எவர்சில்வர். பிடியில் குங்குமப் பொட்டு, அப்போதுதான் வைத்த மாதிரி. கழுவச் சொன்னாரே என்று குழாயடியில் காட்டினேன். பொட்டு கரைந்து விரல் வழியே சிவப்பாக ஓடி, ஒரு நொடியில் போய்விட்டது. நெயில் பாலிஷ் என்றால் போகாது.

லோகு சமையலறை வாசலில் வந்து நின்றார். பாவம் அந்தம்மா என்றார். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"மூக்கு நல்லா நீளமா இருக்குது" என்றார். "எவ்வளவு பிடிக்கும்?"

பாலாடையைத் துடைத்தேன். அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். பிறகு சிரிஞ்சை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் பன்னிரண்டு மில்லி. வெள்ளிப் பாலாடையைவிட இரண்டு கூட.